ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த அம்மா

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போயிருந்தோம். கல்யாண மகால் வாசலில் என்னை நிற்கவைத்து என் மகள் போனில் ஒரு படம் எடுத்தாள். எனக்குப் பின்னால் உச்சி வெயில். முகம் கறுப்பாகத்தான் விழும் என்று நினைத்து, கலைந்த தலையைக்கூட ஒதுக்காமல் நின்றேன். படத்தைக் காட்டினாள். வானம் நீலமாக இருந்தது. ராஜகிரிப் பாறைகள் தனித்தனியாகத் தெரிந்தன. என் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையமும் தெரிந்தது.

"இன்னாடி பண்ண?" என்றேன்.

"நான் ஒன்னும் பண்ணலமா. போனே பண்ணிக்கும்."

இறங்கி வரும்போது முழுக்க மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

போனே பண்ணிக்கொள்ளும் இந்த வேலைக்கு நீ எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தாய். வாரம் முழுக்க அரிசி மில்லில் சூப்பர்வைசர். ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பிவிடுவாய். ஒரே இடத்தை மூன்று முறை எடுப்பாய். ஒன்று வானத்துக்கு, ஒன்று இருட்டுக்கு, ஒன்று இரண்டுக்கும் நடுவில். பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பாய். எச்.டி.ஆர். என்ற அந்த மூன்று எழுத்தை நீ சொல்லும்போது, கோயிலில் மந்திரம் சொல்கிற குரல் வந்துவிடும்.

பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. கோட்டை நெற்களஞ்சியத்துக்குள் நம் கண்ணுக்கு எட்டாத சுவர் வெடிப்பும், வெளியே வெயிலில் நிற்கிற மரத்தின் இலையும் ஒரே படத்தில் வந்ததை முதன்முதலாகக் காட்டியபோது நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "இருட்டுன்னு ஒன்னு கிடையாது. நாம சரியா பாக்கல, அவ்ளோதான்" என்றாய்.

ஆனால் உன் படத்துக்குள் மனிதர்கள் வரக் கூடாது. மூன்று படத்துக்கு நடுவே யாராவது அசைந்தால் ஆவி போலக் கலங்கி விழுவார்கள். மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்துவிட்டுக் கோட்டை பார்க்க ஏறிய ஒரு பெரியவரை, "அப்டியே நில்லு, அசையாத" என்று கத்தி, கொதிக்கிற படியில் நிறுத்தினாய். வெறுங்காலோடு நின்ற அந்த மனிதர், நீ தலையாட்டிய பிறகும் நகரப் பயந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். கை கால் மெல்லத் தேறிவிட்டன. முகம் மட்டும் தேறவில்லை. இடது பக்கம் வாய் இறங்கிவிட்டது. அந்தக் கண் முழுதாக மூடாது, அதிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்ற அம்மா, பின்பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். வீட்டில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. கூடத்து ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்ட நாற்காலி. பின்னால் வெளிச்சம் அடிக்கும், உள்ளே வருகிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அங்கே உட்கார்ந்தால்தான் நிமிர்ந்து பேசுவாள்.

நான் கட்டிக்கொண்டு போன அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு நாள் அவள் முன்னால் ஸ்டாண்டை விரித்தாய்.

"என்னை எதுக்கு எடுக்கிறீங்க? என் மூஞ்சி தெரியும்."

"பின்னாடி ஜன்னல் இருக்குது. ஒன்னும் தெரியாது. உருவம்தான் கறுப்பா விழும்."

"நெசமா தெரியாதில்ல?"

"தெரியாதுன்றேன் இல்ல."

நீ சொன்னது பொய் என்று எனக்கும் அப்போது புரியவில்லை. கோட்டைக்கும் கல்லுக்கும் செய்கிற வேலையை அவளுக்கும் செய்வாய் என்று யார் நினைப்பார்கள்? அம்மா முக்காட்டைத் தள்ளிவிட்டு, உன்னைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். கேமரா மூன்று முறை சத்தம் போட்டது. அவள் அசையவே இல்லை.

பிறகு செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். "உனக்கு ஒன்னு காட்டணும்" என்று அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனாய், என்னையும் வரச் சொன்னாய். கோட்டைப் படமாக இருக்கும் என்று அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நுழைந்தவுடன், ஆள் உயரத்துக்கு, அவள் முகம். இறங்கிய உதடு, அதன் ஓரத்தில் மினுங்கிய எச்சில், மூடாத கண், அதன் சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே முருங்கைப் பூகூடத் துல்லியமாக இருந்தது. கீழே முதல் பரிசு என்று சிவப்பு ரிப்பன்.

கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிற ஸ்டெல்லா அத்தை அங்கே நின்றிருந்தாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு. "இவ்ளோ கோணிக்கிச்சா? எனக்குத் தெரியவே இல்லையேடி" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள்.

அம்மா உன்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு அப்போதெல்லாம் பேச்சு குழறும். "தெரியாதுன்னீங்களே."

"எவ்ளோ நல்லா வந்திருக்குது பாரு" என்றாய் நீ.

பரிசு கொடுக்க வந்தவர் அம்மாவைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு போட்டோ கேட்டார். அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். நீ அதை உன் கையால் எடுத்தாய். அவள் மறுபடி இழுத்தாள். நீ மறுபடி எடுத்தாய். "விடு நைனா" என்று உன் கையைப் பிடித்தேன். "எல்லாரும் பாக்கறாங்க, மானத்த வாங்காத" என்று என்னை உதறினாய். போட்டோ எடுத்தார்கள். அதில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து அம்மா கூடத்து ஜன்னலைச் சாத்தினாள். அதன் பிறகு அது திறக்கவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள், பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் வெளிச்சமே இல்லை என்று நீதான் எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டாய். இரண்டாவது முறை வாதம் வந்தபோது போய்ச்சேர அவள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டார்கள். நீ அந்தப் படத்தைத்தான் எடுத்துக் கொடுத்தாய். பிணத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போட்டு அதைப் பிடுங்கினேன். கடைசியில் ரேஷன் கார்டில் இருந்த மங்கல் படம்தான் தெருமுனையில் தொங்கியது.

பிறகு உன் எச்.டி.ஆரின் காலமும் போனது. புதிதாக வந்த பையன்கள் உன் படங்களைப் பார்த்து, "கலர் கோலப்பொடி கொட்டின மாதிரி இருக்குது தாத்தா" என்று உன் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். கிட்னி கெட்டுப்போய் என் வீட்டுக்கு வந்து படுத்தபோது கேமராவைக்கூட நீ எடுத்து வரவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மாகிட்ட ஏன் நைனா பொய் சொன்ன?"

"நெசத்தைச் சொல்லியிருந்தா உக்காந்திருக்க மாட்டா."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். நீ சுவரைப் பார்த்தாய். அப்புறம் சொன்னாய். "எனக்கு அந்த மூஞ்சி புடிச்சிருந்துது. வேற யாருக்குப் புடிச்சுது? அவளுக்கே புடிக்கல."

மன்னிப்பு கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கஞ்சிக்கு வாயைத் திறந்தாய். கொடுத்தேன்.

நீ போய் இரண்டு பங்குனி ஆகிவிட்டது. உன் கோட்டைப் படங்களை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் போட முடியவில்லை. கிழிக்கலாம் என்று ஒரு முறை எடுத்து, தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் கல்யாணப் படத்தில், என் கல்யாணப் படத்தில், எதிலும் அவள் விறைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். இதில் மட்டும் தோள் தளர்ந்திருக்கிறது. கோணிய வாயோடு, லேசாகச் சிரித்தபடி, உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னதை நம்பி அப்படி உட்கார்ந்திருக்கிறாள். அவள் அவ்வளவு நிம்மதியாக இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால், நைனா, எனக்கு அந்தப் படத்தை விட்டால் வேறு வழியில்லை.