பிடி அரிசி, பிடி மாவு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். மலாவியில் நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா?

செஞ்சியில் நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைக்கும் பிடி அரிசியை ஏலம்விட்டுத்தானே என்னை மிஷனரியாக இங்கே அனுப்பினீர்கள்? அதை இங்குள்ள பெண்களிடம் சொல்லியிருந்தேன். மூன்று வருடமாக அவர்களும் பிடி மாவு எடுத்துவைத்தார்கள். நேற்று தங்கள் முதல் மிஷனரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அம்மா! சிசோமோ என்ற நர்ஸ், மொசாம்பிக் போகிறாள்.

தேர்வுக் கமிட்டியில் நானும் இருந்தேன். என்னைத் தேர்ந்தெடுத்த அன்று நம் பாஸ்டர் ஐயா, "அம்மாவ உட்டுட்டு இருந்துடுவியா?" என்று என்னைக் கேட்டாரே, அதையே அவளிடம் கேட்டேன். "இருப்பேன்" என்றாள் சட்டென்று. நானும் அப்படித்தான் சொன்னேன்.

இங்கேயும் வேர்க்கடலை விளைகிறது; ஆனாலும் நம் ஊர் மல்லாட்டையை வறுத்து அனுப்பு, உன் பழைய புடவையில் சுற்றி.

தபால் வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று இதைச் சத்தமாக வாசி. புடவை விஷயத்தை மட்டும் விட்டுவிடு.

உன் அனு