கிணறு வரை ஒரு கோடு

ஜனவரி 9

அன்புள்ள வாண்டுக்கு,

நலமா என்று கேட்டால் வள்ளென்று விழுவாய், ஆகவே கேட்கவில்லை.

நான் இப்போது வேலை பார்ப்பது முந்நூறு வருஷம் பழமையான ஒரு கற்குடியிருப்பில். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. நடுவில் பொதுக் கிணறு. அதற்குப் போகும் சந்துகள் நினைத்த இடத்தில் வளைகின்றன. இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது பிளந்த வாயை நான் இன்னும் மூடவில்லை.

பழுது பார்ப்பதோடு, நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள் எல்லோரும் இங்கே வந்துபோக வேண்டும் என்பது என் ஆசை. சாய்தளம், கைப்பிடி என்று வரைந்து எடுத்துப் போனேன். மரபுக் கட்டடக் குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? இல்லாததை வெச்சா அப்புறம் அது எப்படிப் பழசு?" என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் திட்டத்தை மொத்தமாக ஓரங்கட்டிவிடுவார்கள்.

நீ வா. கல்லூரியில் என் வரைபடத்தில் தப்புக் கண்டுபிடித்தே என் உயிரை எடுத்தவள் நீ. கண் போனால் என்ன, அந்த மூளை அங்கேதானே இருக்கிறது?

உன்,
ஒட்டகம்


ஜனவரி 15

அடி ஒட்டகம்,

உன் கடிதத்தைக் கணினி எனக்கு வாசித்தது, ரயில் தாமதத்தை அறிவிக்கும் குரலில். நீ கொஞ்சியதுகூட மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேர்ந்தது போலத்தான் இருந்தது.

கண் போன நாளிலிருந்து ஆளாளுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள், யோசனை கேட்க அல்ல, பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்க. நீயும் அதற்குத்தானா? எங்கள் வாசல் கேட்டைத் தாண்டி நான் தனியாகப் போய் ஆறு வருஷமாகிறது. இவர் முழங்கைதான் எனக்கு ஊரும் உலகமும். கட்டட வேலை எல்லாம் மறந்தாயிற்று.

ஆனாலும் வராவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாய். இவரோடு ஒரு நாள் வருகிறேன். மேடை கீடை ஏற்றினால் அப்படியே திரும்பிவிடுவேன்.

வாண்டு


ஜனவரி 29

ஒட்டகம்,

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தலைவர் இருந்தார், நாலு பேர் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து தூக்கமில்லை.

நீ தலைவரோடு வாதாடியபடி முன்னால் போய்விட்டாய். சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது என்பதால் இவர் முன்னால், நான் அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால். என் இடக்கை சும்மா இருக்காமல் சுவரைத் தொட்டது.

சுவரில் ஒரு கோடு இருக்கிறதடி. விரல் பதியும் ஆழம். ஓரங்கள் வழுவழுவென்று தேய்ந்திருக்கின்றன. சந்து வளையும் முன்னால் விரலில் ஒரு குழி தட்டியது, உடனே இவர் திரும்பினார். கொஞ்சம் தள்ளி இரண்டு குழி. இவர் "படி, பார்த்து" என்று சொல்வதற்குள் என் கால் எழுந்துவிட்டது. "உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்றார். யாரோ, என்றைக்கோ, எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சட்டையை விட்டுவிட்டேன். சில அடி நானே நடந்தேன். அப்புறம் கோடு காணாமல் போனது. ஈரம் காயாத சுண்ணாம்பு. நடுச்சந்தில் திக்குத் தெரியாமல் நின்றேன். கொத்தனாரைக் கேட்டால், "வண்டி உரசுன கீறல்மா, அறிக்கையில அடைக்கச் சொல்லியிருக்கு" என்கிறார். ஏண்டி, அறிக்கை எழுதியது நீதானே? எதிரே ஆள் வந்தால் வாசலில் ஒதுங்கவேண்டிய சந்து அது. எந்த வண்டி உள்ளே போய் உரசியது?

வாண்டு


பிப்ரவரி 11

என் கண்ணே வாண்டு,

உன் கடிதத்தைப் படித்ததும் சந்துக்கு ஓடினேன். ஒரு வருஷமாகத் தினமும் அதைக் கடந்து போகிறேன். படம் எடுத்தேன், அளந்தேன், 'சேதம்' என்று எழுதி அடைக்கவும் சொன்னேன். கண்ணை மூடிக் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அன்று வைத்தேன். நான் குனிய வேண்டியிருந்தது. உன் உயரத்தில் ஒருத்தி நடந்திருக்கிறாளடி.

நானும் கொத்தனாரும் மூங்கில் சிம்பால் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். கோடு நோகாமல் வெளியே வந்தது. ஒரு சாதாரண வீட்டின் வாசலில் தொடங்குகிறது, கிணற்றில் போய் நிற்கிறது. அவ்வளவுதான். வேறெங்கும் போகவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் தலைவரை அங்கே கூட்டிப்போய்க் கண்ணை மூடச் சொன்னேன். "என்னம்மா விளையாட்டு இது?" என்று முனகிக்கொண்டே கை வைத்தார். இரண்டு குழி தட்டியதும் நின்றார். காலால் படியைத் துழாவினார். அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்லை, கிணற்றடி வரை அப்படியே வந்தார். "இருந்திருக்கேம்மா," என்றார், "அந்தக் காலத்துலயே இருந்திருக்கே." சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். மற்ற சந்துகளிலும் விரலுக்கு வழி வேண்டும், யார் அமைப்பது என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

கிணற்றுச் சுவரில் கோடு முடியுமிடத்தில் உள்ளங்கை அளவு ஒரு குழிவு இருக்கிறது. யாரையும் தொடவிடவில்லை. தலைவர் கையை நீட்டினார், தட்டிவிட்டேன்.

எப்போது வருகிறாய்?

உன்,
ஒட்டகம்


பிப்ரவரி 27

அன்புள்ள ஒட்டகம்,

இந்த இரண்டு வாரமாக அந்தக் கோட்டைப் பிடித்து நடந்த பெண்ணையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர்தானே? வீட்டில் யாராவது கொண்டுவந்து வைத்திருக்கலாம். அது சுலபம். அன்பாகவும் இருந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. அவளே போகட்டும் என்று சந்து முழுக்கக் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். எத்தனை மாதம் குடைந்தார்களோ. எத்தனை பேர் கேலி செய்தார்களோ.

நானும் கம்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடை வரை போய்வரத் தொடங்கியிருக்கிறேன். முதல் நாள் விளக்குக் கம்பத்தில் மோதி நெற்றி வீங்கியது. இவர் பதறிப்போய், "உனக்கு என்ன வேணும்னு சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்" என்றார். ஆறு வருஷமாக இதையேதான் சொல்கிறார், பாவம், மனசார.

நேற்று அந்தக் கோட்டைப் பற்றி இவரிடம் முழுக்கச் சொன்னேன். வேலையை ஏற்றுக்கொள்ளப் போகிறேன் என்றும் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபமாக்கும் என்று நினைத்தேன். போனவர், உன் ஊருக்குப் பேருந்துச் சீட்டு எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

ஒரே ஒரு சீட்டு.

வியாழக்கிழமை வருகிறேன்.

வாண்டு