கூட்டிக்கொண்டு போனவர்

ஜூன் 7, சனி

தீபாவளி சீசன் ஆர்டர். பட்டாசுக் கம்பெனி வேனில் கால் வைக்க இடமில்லை. மல்லாங்கிணறு அகதி முகாமிலிருந்து சாத்தூர் போகும்வரை யோகம் மாமி தன் தம்பியைப் பற்றியே பேசிவந்தார். கனடாவுக்கு வந்துவிடு என்று மறுபடி போன் பண்ணினாராம். மாமி இந்த முறையும் மாட்டேன் என்றுவிட்டார். "அவர் தேடி வந்தா இங்கதானே வருவார், செல்வி."

அவர் என்றால் குகநேசன், மாமியின் வீட்டுக்காரர். இலங்கையிலிருந்து இங்கே வந்து தங்கியிருந்த ஒரு சின்ன இயக்கத்தின் தலைவர். என் மாமனார் சிவபாதம் அவருக்கு அடுத்த ஆள். எண்பத்தாறில் ஒரு நாள் காலையில் தனியாக வெளியே போன குகநேசன் திரும்பவில்லை. எதிர் இயக்கத்துக்காரர்கள் கடத்திக்கொண்டு போய் எங்கேயோ வைத்திருக்கிறார்கள். மாமா சொல்லித்தான் மாமிக்கும் எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். மாமி இன்றைக்கும் நெற்றி நிறையப் பொட்டு வைக்கிறார். கனடாப் பேச்சு வரும்போதெல்லாம் "பொறு தங்கச்சி, குகன் வருவான்" என்று தேற்றுவதும் மாமாதான்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதினால் மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

காலையில் பிரான்சிலிருந்து நவரத்தினம் என்று ஒருவர் வந்தார். மாமா வயதுதான் இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தார். அவரைக் கண்டதும் மாமா முகம் வெளுத்துவிட்டது. பெயரைச் சொன்னதும் எனக்கும் புரிந்தது. எதிர் இயக்கத்தின் தலைவர். அந்த ஆள் எப்படி எங்கள் வீட்டு நாற்காலியில்? மாமா என்னைக் கடைக்குப் போகச் சொன்னார். அடுப்பில் பால் இருந்ததால் நான் போகவில்லை. தகர மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

வந்தவருக்குப் புற்றுநோயாம். கண்ணை மூடுவதற்குள் யோகம் மாமியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"சுட்டது நான் எண்டு மட்டும் சொல்லுறன். உன்ர பேரைச் சொல்லமாட்டன்."

"நீ சொன்னா, அவனை அங்க கூட்டிக்கொண்டு போனது ஆர் எண்டு கேப்பா," என்றார் மாமா.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாமா அந்த ஆளின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் மாமியைப் பார்க்காமலே போய்விட்டார்.

அப்போ செத்துட்டாரா? அன்னைக்கே செத்துட்டாரா?

ஜூன் 9

வேனில் மாமி, "நேற்று வந்தது ஆர் பிள்ளை?" என்றார். மாமாவுக்குத் தெரிஞ்சவர் என்றேன். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 11, புதன்

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பிரதீபன் முதலில் என்மேல் பாய்ந்தார். பிறகு அவரே போய்த் தன் அப்பாவைக் கேட்டார்.

மாமா மறைக்கவில்லை. இரண்டு இயக்கத்தையும் ஒன்றாக்கலாம் என்று நவரத்தினம் சொல்லியனுப்பினாராம். குகநேசன் காது கொடுக்கவில்லை. பேசிப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன் என்று மாமாதான் மனத்தைக் கரைத்து, சாத்தூருக்கு முன்னால் பூட்டிக் கிடந்த ஒரு தீப்பெட்டி குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். "பேசத்தான் எண்டு நினைச்சன், பேசத்தான் எண்டு நினைச்சன்."

"சுடுவாகன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா மாமா?"

கேட்டது நான்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தெரியும்," என்றார். "அவன் இருக்கும்வரைக்கும் நான் ரெண்டாவது ஆள்தானே."

தலைவரானாராம். சில மாதம். அதற்குள் இயக்கமே சிதறிப்போனது.

இதுக்கா? இம்புட்டுக்குத்தானா?

ஜூன் 12

வெளியே தெரிந்தால் முகாமில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், நமக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்கிறார் பிரதீபன். வாஸ்தவம்தான். ஆனால் காலையில் மாமி பக்கத்தில் உட்கார வேண்டியது நானல்லவா? இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று தந்தார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

கொன்னது ஒரு பக்கம். அந்தப் பொம்பளையக் காக்க வச்சாரே — இம்புட்டு வருசமா. கனடாவுக்குப் போனா அங்கன இருக்குற பழைய இயக்கத்து ஆளுக யாராச்சும் சொல்லிருவாகன்னுதான் "குகன் வருவான், குகன் வருவான்"னு சொன்னாரா? அந்த வாயாலயா என் மகளுக்குப் பேர் வச்சாரு?

ஜூன் 14

மாமாவிடம் சொன்னேன். "நாளைக்குள்ள நீங்க சொல்றீகளா, இல்ல நான் சொல்லட்டுமா?"

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டார்.

மாமி வாசலில் ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மாமா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான் பின்னால் நின்றேன். மாமி கத்துவார், மண்ணை வாரி இறைப்பார் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

"எங்க புதைச்சனீங்கள்?"

வேறொன்றும் கேட்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 16

பிரதீபன் ஆட்டோவில் நான்கு பேரும் போனோம். குடோன் இல்லை. நாலுவழிச் சாலை போட்டபோது அந்த இடம் முழுவதும் போய்விட்டது. மாமா அங்கும் இங்கும் நடந்து, கண்மாய்க் கரையை வைத்து அடையாளம் பிடித்தார். கடைசியில் கையை நீட்டிக் காட்டியது நடு ரோட்டை. மதுரை லாரிகள் அதன்மேல் போய்க்கொண்டிருந்தன.

மாமி ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"தினமும் இதாலதானே வேலைக்குப் போனனான்," என்றார். என்னிடமா, தனக்குத்தானா, தெரியவில்லை. நானுந்தானே போனேன். எம்புட்டு தரம், அவரு மேலயே.

மாமா மாமியின் காலில் விழப் போனார். மாமி விலகிக்கொண்டார். "தொடாதேங்கோ."

மாமா எங்களோடு ஆட்டோவில் ஏறவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

ஜூலை 2

மாமியே முகாம் முழுக்கச் சொல்லிவிட்டார். வேலைக்கு வருவதில்லை. நான் போனால் கதவைத் திறப்பதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாமாவோடு யாரும் பேசுவதில்லை. பெயர்த்திகூடத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். சோறு நான்தான் போடுகிறேன். "மாமா" என்று கூப்பிட வாய் வரவில்லை.

இன்று யோகம் மாமி வேலைக்கு வந்தார். வேனில் ஏறி, எதுவும் சொல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்மாய்க் கரை வந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நானும் கழற்றினேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் எதிரே இருந்தாள். இங்கன ஏதும் கோயில் இருக்கா என்று கேட்டாள்.

"இல்லை பிள்ளை," என்றார் மாமி. "என்ர மனுசன் இருக்கிறார்."