ஸ்டேஷனோடு நிற்கும் கோடு

போன சனிக்கிழமை பிரான்சிலிருந்து திரும்பி வந்து, சைக்கிள் கைபிடியில் மாட்டும் உன் சின்னப் பையைச் சமையலறை மேசையில் கவிழ்த்தேன். நீ போன பிறகு உன் மனைவி எனக்குத் தந்த பை. ஒரு பிடி வெள்ளைத் தூள் கொட்டியது. "உதென்னப்பா, மாவோ?" என்று என் மனைவி துடைக்க வந்தாள். மாவில்லை, திராட்சைத் தோட்டத்துப் பாதையின் சுண்ணாம்புத் தூசி என்றேன். அவள் துணியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தூசியில் இம்முறை நான் சேர்த்தது எவ்வளவு, முன்பு நீ சேர்த்தது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியாதது அது ஒன்று மட்டும்தான் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

மச்சான், உன்மேல் எனக்குக் கோபமா கவலையா என்றே பிடிபடவில்லை. காலையில் கோபம் வருகிறது. பின்னேரம் லண்டனில், தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனடியில் நான் ஓட்டும் பஸ்ஸை நிறுத்தும்போது, நீ வழக்கமாக ஏறும் கதவைத் திறந்துவிட்டுக் கவலைப்படுகிறேன்.

ஐந்து வருடம், ஒவ்வொரு மே மாதமும் மூன்று நாள் நாம் இருவரும் பிரான்சில் சைக்கிள் ஓடினோம். உன் கவுன்சில் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ கம்ப்யூட்டர் வரைபடத்தில் நாம் ஓடப்போகும் வழிக்குக் கோடு கீறுவாய். "வருசம் முழுக்கக் கொம்பனி கீறின ரூட்டிலை பஸ் ஓடுறாய். மூண்டு நாள் நான் கீறின ரூட்டிலை சைக்கிள் ஓடு," என்பாய். அந்தக் கோடு உன் கைபிடியில் இருக்கும், வழிகாட்டும் சின்னப் பெட்டியின் திரையில் ஊதா நிறத்தில் வரும். தார் ரோட்டை எங்கே கண்டாலும் அது விலகி ஓடும். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே வெள்ளைப் பாதை, பிறகு ஓக் மரக் காடு, காடு முடிகிற இடத்தில் எதிர்பாராமல் ஒரு ஏரி. "கிரவல் ரோட்டிலை ஓடவோ கடல் தாண்டிப் போறியள்? ஊரிலை கிரவல் ரோட்டுக்குத் தார் போடச் சொல்லிப் பெட்டிசம் எழுதின ஆக்களெல்லோ நீங்கள்!" என்று என் மனைவி பகிடி பண்ணுவாள். 

உன் சட்டம் ஒன்றே ஒன்று. படம் எடுக்கலாம், ஒருவருக்கும் அனுப்பக் கூடாது. பாரிசுக்கு வெளியே உன் அக்கா இருக்கிறார். பிரான்சுக்கு வந்தும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை என்றால் நம் ஆட்களிடையே அது என்ன பாடு படும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. "போனால் முடிஞ்சுது. மூண்டு நாளும் சோத்துக் கோப்பைக்கு முன்னாலைதான்," என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கலே துறைமுகத்திலிருந்து பாரிசைத் தொடாத சாலையில்தான், சைக்கிள்களை ஏற்றிய காரை ஓட்டுவோம். பாரிஸ் என்று எழுதிய பலகை வந்தால் நீ தலையைக் குனிவாய், பலகையில் அக்கா ஏறி நிற்பதுபோல. அதற்கும் சிரித்தேன். நானும் கூட்டுக் களவாணிதான், மறுக்கவில்லை.

மூன்றாவது வருடம் ஞாபகமிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை, கொடிகளுக்கு நடுவே உன் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் அழைப்பு வந்தது. "ஓம் அக்கா, வேலையிலை நிக்கிறன்," என்றாய். அதே நேரம் பார்த்துக் கீழே ஊர்த் தேவாலயத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. அக்கா என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. "பக்கத்திலை சேர்ச் அக்கா, லண்டனிலையும் சேர்ச் இருக்குதானே," என்றாய். போனை வைத்த பிறகு நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. காற்றடிக்கும் பம்பை என் கையிலிருந்து பறித்து, தேவைக்கு மேலே அடித்தாய்.

அன்று பின்னேரம் ஏரிக்கரையில், பேக்கரியில் வாங்கிய பாணையும் சீசையும் பிய்த்துத் தின்றுகொண்டு சொன்னாய்: "இந்த மூண்டு நாளும் நான் ஒருத்தருக்கும் தம்பி இல்லை, அப்பா இல்லை, ஒண்டும் இல்லை." பெரிய கதை பேசுகிறாய் என்று நினைத்தேன். உன்னை ஊரிலிருந்து பிரான்சுக்குக் கூப்பிட்டு எடுத்ததே அக்காதான், அவர் வீட்டு சோபாவில் இரண்டு வருடம் படுத்தெழும்பிவிட்டுத்தான் லண்டனுக்கு வந்தாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உன் அந்தியேட்டியன்று உன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

பெப்ரவரியில் வேலைக்குப் போகிற ரயிலில் உன் நெஞ்சு நின்றுபோனது. முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு, அக்கா வந்திருந்தார். கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்ற என்னிடம் நேரே வந்தார். "தம்பி, நீங்கள்தானே அவனோடை சைக்கிள் ஓடுறனீங்கள்? கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போனன். ஒருக்கா எண்டாலும் என்ரை வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."  "ஓம் அக்கா, வந்திருக்கலாம்," என்றேன். பிரான்சுக்கு வந்துபோனதை மறைத்தது செத்தவனுக்காகச் சொன்ன பொய்யா, எனக்காகச் சொன்ன பொய்யா? உண்மையைச் சொன்னால் அவர் மனதில் இருக்கிற தம்பியையும் அவரிடமிருந்து பறித்ததாகும். சொல்லாவிட்டால் அவர் ஆயுசுக்கும் அந்தக் கேள்வியோடு இருப்பார். ஏப்ரல் முழுக்க இதே யோசனைதான். ஒரு நாள் மூன்று பஸ் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போய் ஏச்சு வாங்கினேன்.

பிறகுதான் அந்தப் பையிலிருந்த உன் சின்னப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். இந்த வருடத்துக்கான கோடு அதில் தயாராக இருந்தது. முதல் இரண்டு நாளும் வழக்கம்போல. மூன்றாம் நாள் மட்டும் கோடு மேற்கே திரும்பி, ஆற்றங்கரையோடும் கால்வாய்க் கரையோடும் ஓடி, பாரிசுக்கு வெளியே ஒரு ரயில் ஸ்டேஷனில் முடிந்தது. உன் மனைவியிடம் விலாசம் கேட்டுப் பார்த்தேன், அங்கிருந்து அக்கா வீடு எட்டு நிமிட நடை. அதே ஸ்டேஷனிலிருந்து, நாம் காரை நிறுத்திவிட்டுச் சைக்கிளேறும் ஊருக்கும் ரயில் இருக்கிறது. எதற்கடா கீறினாய்? அக்காவிடம் போகவா, அவர் வீட்டு வாசலுக்கு இவ்வளவு கிட்ட வந்துவிட்டு ரயிலேறித் திரும்பவா?

தனியே போனேன். காட்டில் இரண்டு இடத்தில் வழி தவறினேன். உன்னைக் கூப்பிட வாயெடுத்து, வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஸ்டேஷனில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றபோது, திரும்பிப் போகிற ரயில் வர ஆறு நிமிடம் இருந்தது. அதைப் போகவிட்டேன். அடுத்ததையும் போகவிட்டேன். பிறகு வெறுங்கையோடு போக மனமில்லாமல் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்த அக்கா என் சப்பாத்துத் தூசியைப் பார்த்தார், சைக்கிளில் தொங்கிய உன் பையைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார். பிட்டும் மீன்குழம்பும் வைத்தார். முதல் பிடியை வாயில் வைக்க முன்னரே சொல்லிவிட்டேன்: "அக்கா, நாங்கள் ஐஞ்சு தரம் வந்தனாங்கள். உங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் கையில் அகப்பை இருந்தது. கத்துவார் என்று பார்த்தேன், அழுவார் என்று பார்த்தேன்.

"ஐஞ்சு தரமும் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"பாணும் சீசும் அக்கா."

"ஐஞ்சு தரமுமோ?" அகப்பையைக் குழம்புச் சட்டியில் வைத்தார். "வீட்டை வராட்டிலும் பரவாயில்லை. எந்த ரோட்டாலை வாறியள் எண்டு சொல்லியிருந்தால், அந்த ரோட்டிலை நிண்டு சாப்பாட்டைத் தந்திட்டு வந்திருப்பனே."

அதற்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. பெட்டியை எடுத்துத் திரையைக் காட்டி, "இந்த முறை உங்களிட்டை வரத்தான் கோடு கீறினவன், பாருங்கோ," என்றேன். மச்சான், எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊதாக் கோட்டின்மேல் விரலை வைத்து ஏரி, காடு, ஆறு என்று மெல்ல வந்தார். விரல் நின்றது.

"இது ஸ்டேஷனோடை நிக்குதே, தம்பி."

"ஓம் அக்கா."

"இஞ்சை வர இன்னும் எட்டு நிமிசம் கிடக்கு."

 என் கோப்பையில் இன்னொரு அகப்பை குழம்பு விட்டார்.

இப்போது மேசையில் தூசி அப்படியே கிடக்கிறது, துடைக்கவில்லை. பெட்டியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. உன்னுடையது ஸ்டேஷனில் முடிகிறது. நான் போன வழியைப் பெட்டி தானாகவே பதிந்து வைத்திருக்கிறது. அந்தக் கோடு ஸ்டேஷனில் ஒரு முடிச்சுப்போல நெடுநேரம் நின்று, பிறகு மூன்று தெருத் திரும்பி, அக்காவின் வாசலில் முடிகிறது. நீ நடந்திருப்பாயா என்று எனக்கு இன்னும் தெரியாது. உன் எட்டு நிமிடத்தை நான் நடந்துவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த மேயில் எந்த ரோட்டால் வருகிறேன் என்று அக்காவுக்கு முன்கூட்டியே சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.