கரியடுப்பில் காய்ந்த இறக்கை

அக்காவை அம்போவென்று விட்டுப் போன என் தங்கத் தம்பி ஆல்பர்ட்டே,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் நலம் விசாரிக்கிறேன். ரிட்டயர் ஆனதும் செய்யலாம் என்று பால்சா கட்டையில் பொம்மை விமானம் செய்யும் ஒரு பெட்டியை வாங்கி பீரோ மேல் போட்டு வைத்தாயே, அதைத் தொட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. பெட்டியின் மேல் படத்தில் ஜம்மென்று பறக்கிறது. உள்ளே பார்த்தால் அப்பளம் மாதிரி மெல்லிய கட்டைத் தகடுகள், ஒரு பெரிய வரைபடம், கொஞ்சம் டிஷ்யூ தாள். குந்தா பவர்ஹவுஸில் இரும்போடு மல்லுக்கட்டிய உன் கைக்கு இது எதற்கடா?

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு உன் பெண்டாட்டி ஸ்டெல்லா வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. பூசைக்குக்கூட வருவதில்லை. ஒரு நாள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, இத யாருக்காச்சும் குடுத்துடுங்க. பாக்கவே முடியலீங்க" என்றாள்.

"குடுத்துப் பாரு, அப்புறம் உன்னோட பேசவே மாட்டேன். அவன் நெனவு நாளுக்குள்ள நானே செஞ்சு பறக்க விடறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே! எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் தையல் டீச்சராக இருந்தவளுக்கு ஒட்டுவதும் வெட்டுவதும் என்ன பெரிய வேலை என்ற திமிர். ஆனால் அன்றைக்கு ஸ்டெல்லா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மறுநாளிலிருந்து, "எவ்வளவு ஆச்சுங்கக்கா?" என்று சாயங்காலமானால் குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் வீட்டை விட்டு இறங்கியதே இதற்காகத்தான். அப்புறம் நான் எப்படிப் பின்வாங்குவது?

கட்டைத் தகட்டில் பிளேடை வைத்தால் வெட்டாமல் நசுங்குகிறது. வரைபடத்தின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, அதற்கு மேல்தான் சட்டங்களை ஒட்ட வேண்டுமாம். நான் அதைச் சும்மா சுற்றி வந்த தாள் என்று நினைத்து ஊறுகாய் பாட்டில் வாயில் கட்டிவிட்டேன். விமானத்தின் உடம்பு வரைபடத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்ததில் இன்றைக்கும் அதன் வயிற்றில் வரைபடத்தின் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. நீ பார்த்திருந்தால் வாரக்கணக்கில் கிண்டல் அடித்திருப்பாய்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இறக்கைதான் என் உயிரை வாங்கிவிட்டது. டிஷ்யூ தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் அது முரசுத் தோல் மாதிரி இறுகுமாம். நேற்று குன்னூரில் விடாத மழை. எதுதான் காயும்? உன் காலுறையையும் ஸ்வெட்டரையும் காயவைப்பேனே, அதே மாதிரி கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து இறக்கையை அதன் மேல் வைத்தேன். காயும் வரைக்கும் பலகையில் ஊசி குத்தி இறுக்கி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரத்தில் வந்து பார்த்தால் இறக்கை முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. நாளைக்கு உன் நினைவு நாள்!

இன்று காலை ஸ்டெல்லா வந்தபோது அதை அடுப்பில் போடப் போனேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். கட்டை மேல் இல்லையடா, உன் மேல். பாதியில் விட்டுப் போக உனக்கு யார் சொன்னது? ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்கக்கா. கோணையா இருந்தா என்னங்க, பறக்குதான்னு பாத்துரலாம் வாங்க."

மழை விட்டிருந்தது. இறக்கையை உடம்பில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவின் விளிம்பில் போய் நின்றோம். மூக்கு விசிறியைச் சுழற்றும் ரப்பரைக்கூட முறுக்கவில்லை, ஸ்டெல்லா சும்மா கையால் விட்டாள். நேராகப் போய்த் தேயிலைக்குள் தொலையும் என்றுதான் நினைத்தேன். அந்த முறுக்கிய இறக்கை அதை இடப்பக்கமாக இழுத்தது. சரிவுக்கு மேல் ஒரு பெரிய வட்டம் போட்டு, திரும்பி எங்களைப் பார்த்தே வந்து, என் புடவையில் மோதி விழுந்தது.

"அய்யோ, திரும்பி வந்துருச்சுங்கக்கா!" என்று ஸ்டெல்லா கைதட்டிச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. நீ போன பிறகு அவள் வாய்விட்டு அழுததை இன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அழுதேன்.

நாளைக்குப் பூசை முடிந்து உன் கல்லறையில் பூ வைத்துவிட்டு, அதே இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகிறேன். உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த இறக்கையை நிமிர்த்த மாட்டேன். அவள் கையை விட்டுப் போவது ஒன்றாவது அவளிடம் திரும்பி வரட்டும்.

இன்னும் கோபம் தீராத,
உன் மேரி அக்கா