செவ்வாய்க்கிழமை வராத இருமல்

நேற்று திருப்பதியில் ஓர் அழகு நிலையத்தில் மகளுக்காகக் காத்திருந்தேன். கல்யாண வீட்டுக்குப் போகத் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள வந்திருந்தாள். ஏ.சி. போட்டுக் கதவெல்லாம் சாத்தியிருந்தது. வேலை செய்கிற பெண் கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கினாள். மூக்கைச் சுருக்கென்று குத்தியது பார், அந்த வாடை! கண்ணில் நீர் வந்துவிட்டது. சாயத்தாலா, உன்னாலா, தெரியவில்லை. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை.

புத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் நாம் இருவரும் வேலை செய்த சலூனில் முன்னால் மூன்று நாற்காலி, பின்னால் ஓர் இருட்டறை. சாயம் போட்டுக்கொள்கிற ஆளை ஊர் பார்த்துவிடக் கூடாது. அதனால் அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. வாசலுக்கும் கனத்த படுதா. ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்த காலம் அது. முன் நாற்காலியில் உட்கார்ந்து புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று கத்தித் தீர்க்கிறவர்கள், பின்னறைக்குள் போனதும் குரலைத் தாழ்த்தி, "யாரண்டயும் சொல்லாதப்பா" என்பார்கள். உன் கை சுத்தம், காதில் ஒரு பொட்டு மை படாது. அதனால் நாள் பூராவும் அந்த அறை உனக்கே என்றாகிவிட்டது.

முதலில் தொண்டைக் கமறலாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற அளவுக்கு இருமல். பீடியையே தொடாத உன்னைப் பார்த்து டாக்டர், "பீடிய வுடு" என்று சொல்லிச் சிவப்பு மிக்ஸ்சர் கொடுத்தார். உன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். வேலையை விட்டுவிட வேண்டிவருமோ என்று பயந்துபோயிருந்தாய். ஆனால் ஒரு விசித்திரம், செவ்வாய்க்கிழமை மட்டும் இருமல் வராது.

செவ்வாய் நமக்குக் கடை லீவு. காலை ரயிலில் திருத்தணி போய் மலையேறி வருவாய். படியேறும்போதுகூட இருமவில்லை என்று நீயே அதிசயப்படுவாய். "நெஞ்சு மேல முருகன் கைய வெச்சிக்கினு கீறாருடா" என்பாய். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது ஊருக்கெல்லாம் ஒரு கவலை, உனக்கு ஒரு கவலை. "சாமி அந்தாண்ட பூட்டா, இந்தாண்ட இருமறவன கவனிப்பாராடா?" நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாயன்று பெரிய அதிகாரி ஒருவர், கடை மூடியிருக்கிற நாள்தான் தோது என்று சாயத்துக்கு வந்தார். முதலாளி உன்னைக் கூப்பிட்டனுப்பினார். ரயிலை விட்டாய். சாயங்காலம் இருமி இருமித் துவண்டுபோனாய். "மலையேறாம வுட்டேன், பாத்தியா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாய். எனக்கு மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. திருத்தணிக்குப் போகாததாலா, பின்னறைக்குப் போனதாலா? இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கிறதே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

உன்னிடமே கேட்டேன். கோபப்படுவாய் என்று நினைத்தேன். சீப்பைத் துடைத்து வைத்தாய். பிறகு, "பிரிச்சித்தான் பாக்கலாமே" என்றாய்.

புதன் முதல் வெள்ளி வரை நீ கோயிலுக்கும் போகக் கூடாது, பின்னறைக்கும் போகக் கூடாது. முன்னால் முடிவெட்டு மட்டும் உனக்கு, சாயம் எனக்கு. வியாழனே உனக்கு இருமல் தணிந்தது. வெள்ளி மாலை நீ கணீரென்று பேசிக்கொண்டிருந்தாய். படுதாவை விலக்கிக்கொண்டு இருமியபடி வெளியே வந்தவன் நான்! நாம் சிரித்த சிரிப்பில், நாற்காலியில் இருந்தவர் எங்கே கத்தி பட்டுவிடுமோ என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் உன் முகம் வாடியது. "அப்போ முருகன் ஒண்ணுமே பண்லியா?" நீயே பதிலும் சொன்னாய்: "செவ்வாகெழம கடைய மூட வெச்சது யாருடா? அவருதான்."

முதலாளியிடம் ஜன்னல் கேட்டோம். "கிடிகி வெச்சா கிராக்கி எவன்ரா உள்ள வருவான்?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். நீ விடவில்லை. கூரைக்குக் கீழே உயரத்தில் வைத்தால் எவனும் எட்டிப் பார்க்க முடியாது என்று தினமும் சொன்னாய். அவர் இறங்கி வருவதற்குள் திருத்தணியே மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. ஜன்னல் வந்தது, இருமல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அதன் பிறகு கடைசி வரைக்கும் நின்று நின்றுதான் மலையேறினாய். அந்தக் கேள்வியை ஒரு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நேற்று அந்த அழகு நிலையப் பெண் சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இருமினாள். எனக்கு அந்தத் தாளம் தெரியும். காரணம் எதுவும் சொல்லாமல், நாம் கண்டுபிடித்த கேள்வியை மட்டும் கேட்டேன்.

"லீவு நாள்ல இருமல் வருதாம்மா?"

"முந்தாநேத்து லீவு சார். வூட்லதான் இருந்தேன். வர்ல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு சுவர் அகலத்துக்கு மாட்டியிருந்த கண்ணாடியைக் காட்டி, மெதுவாகச் சொன்னாள்:

"இதுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் இருக்குது சார்."