கங்கம்மா பெயரை ஏன் எடுத்தாய்

தாம்பரம்,
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ஆஸ்டினுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், எனக்கு பிரஷர் மட்டும் ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் நீ. கனடாக் குளிரில் நீயும் ஜெரூஷாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். போன் போட்டால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதி, உன் தங்கை ஜோசலினிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சபையின் நூற்றாண்டு மலருக்கு நீ பக்கம் அமைத்து அனுப்பியதைப் பார்த்தேன். என் கட்டுரையில் கங்கம்மாவைக் காணோம். நாலு மாதம் மின்சார ரயிலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், தொட்டால் உதிரும் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, தும்மித் தும்மிக் கையால் எழுதிக்கொண்டு வந்தேனே, அது உனக்கு விளையாட்டா? 1934 புயலில் நம் சபைக் கோயில் கூரை போனபிறகு, கல்குவாரியில் ஜல்லி உடைத்த கங்கம்மா வீடு வீடாகப் போய், உலை வைக்கும்முன் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியை இரண்டு வருஷம் சேர்த்து விற்று ஓடு வாங்கினார் என்று அந்தக் காலப் பத்திரிகைச் செய்தியில் அச்சில் இருக்கிறது. உன் தாத்தா ஓடு ஏற்றிவந்த வண்டிக்கு முன்னால் சைக்கிளில் வந்தவர், அவ்வளவுதான். ஆனால் கோயில் கல்வெட்டில் ஏறியது அவர் பெயர். அதை நம்பி உன் சின்ன வயதில் உனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அந்த வெட்கமும் எனக்கு இருக்கிறது.

செயலாளர் மெர்வின், அந்தம்மா பேரு ஞானஸ்நானப் பதிவேட்டுலயே இல்ல, நம்ம சபை ஆளே கிடையாது, எடுத்துடு தம்பி என்றாராம், நீயும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாத்தா போட்டோவைப் போட்டாயாம். ஞானஸ்நானம் வாங்காத அந்த அம்மா போட்டுக் கொடுத்த கூரைக்குக் கீழே நனையாமல் உட்கார்ந்து ஜெபம் பண்ண மட்டும் நமக்குத் தெரியும். அவருடைய கொள்ளுப் பேரன் மாரி மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறான். தேடிப்பிடித்து விஷயத்தையும் ஞாயிறு ஆராதனையில் மலர் வெளியீட்டையும் சொன்னபோது, இன்னா சார் சொல்ற, எங்கூட்டு கெழவி பேரு பேப்பர்ல கீதா என்று இரண்டு தடவை கேட்டான். ஞாயித்துக்கெழம லீவு போட்டு எல்லாரையும் இட்டுகினு வரேன் சார் என்றிருக்கிறான். எந்தப் பக்கத்தைத் திறந்து அவனுக்குக் காட்டுவேன்?

புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. தாத்தா படத்தை எடு, நான் எழுதியதை எழுதியபடி போடு. போடாவிட்டால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அந்தச் செய்தியை நானே வாசிப்பேன். பெயரை எடுத்தது யார் என்று மாரி கேட்டால், என் மகன் என்று சொல்வேன்.

கர்த்தர் உனக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தருவாராக. காதை மூடாமல் வெளியே போகாதே. புதன்கிழமை, மறக்காதே.

கோபத்தோடு,
உன் அப்பா
தனசிங்